பட்டினியைப் பாராட்டும் குழுக்களிலிருந்து நம்மவரை மீட்பது எப்படி?

உணவுக் கோளாறு, அதாவது உண்பதையே அச்சமாகவும் போராட்டமாகவும் ஆக்கிவிடும் மனநல நோய், உள்ள ஒருவரின் வீட்டில் சண்டை பெரும்பாலும் தட்டைச் சுற்றியே நடக்கிறது. இன்னும் ஒரு வாய் என்று கெஞ்சுகிறார்கள், மிரட்டுகிறார்கள், கடைசியில் அழுகிறார்கள். கதவு சாத்தப்பட்ட பிறகு, அதே வீட்டின் இன்னோர் அறையில், கைப்பேசித் திரைக்குள் வேறொரு குடும்பம் கூடுகிறது. அங்கே சாப்பிடாமல் இருந்தது சாதனையாகவும் சாப்பிட்டது குற்றமாகவும் எண்ணப்படுகின்றன. தூக்கம் வராத நடுநிசியில் ‘எனக்கும் அப்படித்தான்’ என்று பதில் சொல்ல யாராவது விழித்திருக்கிறார்கள். அந்த இரண்டாவது குடும்பத்தைக் கணக்கில் கொள்ளாமல் முதல் குடும்பம் எடுக்கும் முயற்சிகள் பல வீணாகிவிடுகின்றன. அதனால்தான் இந்த வழிகாட்டி. பெற்றோர், உடன்பிறந்தோர், நண்பர், ஆசிரியர் ஆகியோரை மனத்தில் வைத்தே இதை எழுதுகிறேன். அத்தகைய குழுவுக்குள் இப்போது இருப்பவருக்கென்று ஒரு பகுதி பின்னால் இருக்கிறது.

எடை எண்கள், கலோரிக் கணக்குகள், குழுக்கள் பயன்படுத்தும் அடையாளச் சொற்கள், அவை கற்றுத்தரும் உத்திகள் ஆகிய எவையும் இக்கட்டுரையில் இடம்பெறா. எச்சரிக்கை என்று எண்ணி எழுதப்படும் பட்டியலைக் கையேடாக எடுத்துக்கொள்ளும் கண்களும் உண்டு. நீங்களும் இதே எச்சரிக்கையைக் கடைப்பிடியுங்கள்; குறிப்பாக மாணவர் கூட்டங்களில் பேசும் ஆசிரியர்கள் இதை மறக்கக் கூடாது.

நோயை முதலில் சரியாக அறிந்துகொள்ளுங்கள்

1873-ஆம் ஆண்டில் லண்டனில் வில்லியம் கல், பாரிசில் ஷார்ல் லாசேக் என்ற இரு மருத்துவர்கள் தனித்தனியே உணவுக் கோளாறுகளுள் ஒன்றை விவரித்தார்கள். வில்லியம் கல் சூட்டிய அனோரெக்சியா நெர்வோசா என்ற பெயரே நிலைத்தது. அனோரெக்சியா என்றால் பசியின்மை. தமிழிலும் அதைப் பசியின்மை நோய் என்றே பலர் எழுதுகிறார்கள். அந்தப் பெயர் நம்மைத் தவறான வழியில் அழைத்துச் செல்கிறது என்பது என் கருத்து. பசி இல்லாதவருக்குப் பிடித்ததைச் சமைத்துக் கொடுத்தால் போதும் என்று வீட்டார் நினைத்துவிடுகிறார்கள். உண்மையில் பெரும்பாலானவர்களுக்குப் பசி இருக்கிறது. உணவைப் பற்றிய எண்ணம் விழித்திருக்கும் நேரம் முழுவதையும் நிரப்பியிருக்கிறது. ஆனால் சாப்பிடுவது குறித்த அச்சம் அந்தப் பசியைவிடப் பெரிதாக இருக்கிறது. அவர் மறுப்பது உங்கள் சமையலை அன்று.

அனோரெக்சியா ஒன்றே உணவுக் கோளாறும் அன்று. அடக்க முடியாமல் பெருமளவு உண்பதும், பின்பு அதை ஈடுகட்ட உடலை வருத்துவதுமாகச் சுழலும் புலிமியாவை 1979-இல் மனநல மருத்துவர் ஜெரால்டு ரஸ்ஸல் விவரித்தார். ஈடுகட்டும் செயல்கள் இல்லாமல் மீதூண், அதாவது அடக்க முடியாத பெருந்தீனி, மட்டும் திரும்பத் திரும்ப நிகழும் கோளாறு, அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் 2013-ஆம் ஆண்டுக் கையேட்டில்தான் தனி நோயாக இடம்பெற்றது. இவற்றுள் பலவற்றில் எடை குறைந்திருக்க வேண்டும் என்பதே இல்லை. ஆகவே பார்ப்பதற்கு நன்றாகத்தானே இருக்கிறாள் என்ற சொல்லை உங்கள் வீட்டு அகராதியிலிருந்து இன்றே நீக்கிவிடுங்கள். ஆண்களுக்கும் இந்நோய் வருகிறது. மெலிவதைவிடத் தசை திரள்வதையே பல இளைஞர்கள் நாடுவதால், வீட்டார் அதை ஒழுக்கமான உடற்பயிற்சி என்று எண்ணிப் பாராட்டவும் செய்கிறார்கள்.

பசி வந்தால் பத்தும் பறந்துபோகும் என்பது நம் பழமொழி. அதை ஏறக்குறைய ஆய்வுக்கூடத்திலேயே நிரூபித்தவர் அமெரிக்க உடலியல் ஆய்வாளர் ஆன்சல் கீஸ். 1944-ஆம் ஆண்டின் இறுதியில் தொடங்கி அடுத்த ஆண்டு வரை மினசோட்டா பல்கலைக்கழகத்தில் நடந்த சோதனையில், உடலும் மனமும் நலமாக இருந்த 36 இளைஞர்கள் தாமாக முன்வந்து ஆறு மாத காலம் அரைப்பட்டினி கிடந்தார்கள். அவர்களுடைய பேச்செல்லாம் உணவைப் பற்றியதாயிற்று. சிலர் சமையல் நூல்களைச் சேகரித்தார்கள். ஒரு வேளை உணவை நெடுநேரம் பிசைந்துகொண்டே இருந்தார்கள். நண்பர்களை விட்டு விலகினார்கள். எரிச்சலும் சோர்வும் மிகுந்தன. போதுமான உணவு மீண்டும் கிடைத்த பிறகும் பலருக்கு மனம் உடனே பழைய நிலைக்குத் திரும்பவில்லை. அவர்களுக்கு உணவுக் கோளாறு எதுவும் இருந்ததில்லை என்பதை நினைவில் வையுங்கள். உங்கள் பிள்ளையின் பிடிவாதம், முகம் கொடுக்காமை, சிடுசிடுப்பு ஆகியவற்றுள் ஒரு பெரும் பங்கு பட்டினி மூளைக்குச் செய்த வேலையாக இருக்கலாம். முதலில் மனத்தை மாற்றுவோம், பிறகு தானாகச் சாப்பிடுவாள் என்று காத்திருப்பது ஏன் பலிப்பதில்லை என்பதும் இதிலிருந்து விளங்கும்.

ஏன் வந்தது என்ற கேள்விக்கு ஒற்றை விடை கிடையாது. இரட்டையர்களை வைத்து நடந்த ஆய்வுகள் மரபுவழிக்குக் கணிசமான பங்கு உண்டு என்று காட்டியுள்ளன. ஏறத்தாழ 17,000 அனோரெக்சியா நோயரின் மரபணுக்களை ஆராய்ந்து 2019-இல் வெளியான ஆய்வு, இந்நோயோடு தொடர்புடைய எட்டு இடங்களை மரபணுத் தொகுதியில் கண்டறிந்தது. ஆகவே குழு நோயை உருவாக்கியது என்று சொல்வதைவிட, ஏற்கெனவே காய்ந்திருந்த இடத்தில் குழு நெருப்பை வைத்தது அல்லது எரிந்துகொண்டிருந்ததற்கு எண்ணெய் வார்த்தது என்று சொல்வதே பொருந்தும். நீங்கள் வளர்த்த விதமே காரணம் என்று யாரேனும் சொன்னால் அதைக் காதில் போட்டுக்கொள்ள வேண்டாம். குற்ற உணர்ச்சியில் மூழ்கிய பெற்றோரால் உறுதியாக நிற்க முடிவதில்லை.

அந்தக் குழு அவருக்கு என்ன கொடுக்கிறது?

உணவுக் கோளாற்றை நோயாக அல்லாமல் வாழ்க்கைமுறையாகப் போற்றும் இணையப் பக்கங்கள் புதியவை அல்ல. 2001-ஆம் ஆண்டிலேயே யாஹூ நிறுவனம் தன் தளத்திலிருந்து இத்தகையவற்றை நீக்கத் தொடங்கியது. 2012-இல் டம்ப்ளர், பின்டரெஸ்ட், இன்ஸ்டாகிராம் ஆகிய சமூக ஊடகத் தளங்கள் இவ்வகைப் பதிவுகளுக்கு எதிராக விதிகளை வகுத்தன. தடை வந்ததும் உறுப்பினர்கள் தடுக்கப்பட்ட சொற்களின் எழுத்துகளைச் சற்றே மாற்றிப் புதிய அடையாளச் சொற்களை உண்டாக்கிக்கொண்டார்கள். இன்ஸ்டாகிராமில் இவ்வாறு திரிந்த சொற்களை ஆராய்ந்து 2016-இல் வெளியான ஓர் ஆய்வு, திரிந்த சொற்களைச் சுற்றித் திரண்ட பதிவுகள் முந்தையவற்றைவிடக் கடுமையாகவும், உறுப்பினர் ஈடுபாடு மிகுந்தவையாகவும் இருந்தன என்று கண்டது. தடையே வேண்டாம் என்று இதற்குப் பொருளில்லை. ஒரு வாயிலை அடைத்துவிட்டு வேலை முடிந்தது என்று வீட்டார் நிம்மதி கொள்ளக் கூடாது என்பதே இதன் பாடம்.

இன்று யாரும் தேடிப்போக வேண்டியதுகூட இல்லை. உடல் மெலிவு பற்றிய ஒரு காணொளியில் விரல் சற்று நின்றால், அடுத்த காணொளியைத் தளத்தின் கணிப்புநிரல் (அல்காரிதம்) அதற்கேற்பத் தேர்ந்து தருகிறது. ஆரோக்கியமான சமையல், பிறகு ‘இன்று நான் சாப்பிட்டவை’, பிறகு சாப்பிடாதவை என்று படிப்படியாக அழைத்துப்போகிறது. இன்ஸ்டாகிராமின் உள்ளாய்வுக் குறிப்பு ஒன்று, பதின்வயதுப் பெண்களில் மூவரில் ஒருவருக்கு உடல் குறித்த மனக்குறையைத் தங்கள் செயலி மேலும் மோசமாக்குவதாகச் சொன்னது 2021-இல் வெளியே வந்தது. அதையும் பிற உள் ஆவணங்களையும் வெளிக்கொணர்ந்த, ஃபேஸ்புக் நிறுவனத்தின் முன்னாள் ஊழியர் பிரான்சஸ் ஹௌகன் அதே ஆண்டு அமெரிக்கச் செனட் குழுவின் முன் சாட்சியம் அளித்தார். பிரிட்டனில் 2023-ஆம் ஆண்டின் இணையப் பாதுகாப்புச் சட்டம், உணவுக் கோளாறுகளை ஊக்குவிக்கும் உள்ளடக்கத்தைப் பிள்ளைகளின் கண்ணில் படவே கூடாத வகைகளுள் ஒன்றாக வைத்திருக்கிறது.

ஆனால் கணிப்புநிரல் வாசல்வரைதான் கொண்டுபோய் விடுகிறது. உள்ளே போனவர் அங்கேயே தங்குவதற்குக் காரணம் வேறு. பல குழுக்களில் நோய்க்கு ஒரு தோழியின் செல்லப்பெயர் சூட்டப்பட்டிருக்கிறது. அவளுக்கு உண்மையாக இருப்பது கற்பு போலவும் சாப்பிடுவது துரோகம் போலவும் பேசப்படுகின்றன. நாள்தோறும் கணக்குக் கொடுக்க வேண்டும். இணையாகப் பட்டினி கிடக்க ஒரு கூட்டாளி கிடைப்பார். தளர்ந்தால் திட்டுவார்கள், அந்தத் திட்டையே அக்கறை என்பார்கள். தன்னை யாரும் கவனிக்கவில்லை என்று நினைத்த ஒருவரை அங்கே ஒவ்வொரு நாளும் யாரோ கவனிக்கிறார்கள். இதை நீங்கள் ஏளனம் செய்தால் பேச்சு அங்கேயே முடிந்துபோகும். குழு கொடுப்பது நஞ்சு கலந்த உணவு. ஆனால் அதில் உணவும் இருக்கிறது. அந்த உணவை, அதாவது புரிந்துகொள்ளப்படுவதன் ஆறுதலை, நீங்கள் வேறு பாத்திரத்தில் கொடுக்க வேண்டியிருக்கும். இந்த வழிகாட்டியில் நான் சொல்லவிருக்கும் மற்ற எல்லாம் இதன்மேல்தான் நிற்கின்றன.

எதைக் கவனிக்க வேண்டும்?

ஒற்றை அறிகுறியைப் பிடித்துக்கொண்டு முடிவுக்கு வராதீர்கள். சில வாரங்களில் பல மாற்றங்கள் ஒன்றுசேர்கின்றனவா என்று பாருங்கள். குடும்பத்தோடு உண்பதைத் தவிர்க்கும் காரணங்கள் பெருகுதல், ஒரு வகை உணவை அடுத்து இன்னொரு வகை என்று வரிசையாகக் கைவிடுதல், பிறருக்கு ஆசையாகச் சமைத்துத் தான் தொடாமல் இருத்தல், உண்டவுடன் குளியலறைக்குப் போதல், உடல்நலம் இல்லாத நாளிலும் உடற்பயிற்சியை விட முடியாமை, எப்போதும் குளிர்கிறது என்று போர்த்திக்கொள்ளுதல், மாதவிடாய் தவறுதல், முடி உதிர்தல், தாடையருகே கன்னம் வீங்குதல், பற்களின் மேற்பூச்சு தேய்தல் ஆகியவை பொதுவாகக் காணப்படுபவை. வளரும் வயதில் எடை குறைய வேண்டும் என்பதில்லை. கூடவேண்டிய அளவு கூடாமல் நிற்பதும் எச்சரிக்கையே.

கைப்பேசியைப் பொறுத்தவரை நேரத்தைவிட மனநிலை மாற்றத்தைக் கவனியுங்கள். உணவு வேளைக்குச் சற்று முன்னும் பின்னும் திரையை நாடுவது, நீங்கள் அருகில் வந்ததும் திரை கவிழ்வது, திரையைப் பார்த்தெழுந்த பிறகு உணவு குறித்த பிடிவாதம் இறுகுவது, முகம் தெரியாத நண்பர் ஒருவரின் உடல்நிலை பற்றிக் காரணம் சொல்லாமல் கவலைப்படுவது ஆகியவை குழுவொன்றின் பிடியைக் காட்டக்கூடும். போலிப் பெயரில் அக்குழுவில் நுழைந்து உளவு பார்க்கலாமே என்று தோன்றும். வேண்டாம். அது வெளிப்படும் நாளில், நீங்கள் இழக்கும் நம்பிக்கை நீங்கள் அறிந்துகொண்ட எதைவிடவும் பெரியதாக இருக்கும்.

முதல் பேச்சை எப்படித் தொடங்குவது?

உணவு மேசையில் தொடங்காதீர்கள். சாப்பாட்டுக்கு நேரமாகும் வேளையும், சண்டை முடிந்த அடுத்த நொடியும் ஏற்றவை அல்ல. ஒருவர் மட்டும் பேசுவது நல்லது; அத்தை, மாமா, பாட்டி என்று உறவுக் கூட்டம் சூழ்ந்து உட்கார்ந்தால் அது பஞ்சாயத்து ஆகிவிடும். நடந்துகொண்டோ வண்டியில் போய்க்கொண்டோ பேசினால், முகத்தை நேருக்கு நேர் பார்க்க வேண்டாத சலுகை இருவருக்குமே கிடைக்கிறது.

உடலைப் பற்றிப் பேசாமல், நீங்கள் கண்டதையும் அதனால் உங்களுக்கு ஏற்பட்டதையும் சொல்லுங்கள். “கண்ணா, இந்த ஒரு மாதமா நீ எங்களோட உட்கார்ந்து சாப்பிடவே இல்ல. ராத்திரி தூங்காம அழற சத்தம் கேக்குது. எனக்குப் பயமா இருக்கு. நான் உன்னைத் திட்ட வரல” என்பது போன்ற தொடக்கம் போதும். “எலும்பும் தோலுமா ஆயிட்ட” என்பது நமக்குக் கண்டனம். நோயின் காதில் அது பாராட்டாக விழுகிறது. “இப்பதான் முகத்துல களை வந்திருக்கு” என்ற அன்பான சொல்கூட, குணமாகிவரும் நாட்களில், குண்டாகிவிட்டாய் என்று கேட்கக்கூடும். ஆகவே தோற்றம் குறித்து நல்லதும் வேண்டாம், கெட்டதும் வேண்டாம்.

குழுவைப் பற்றிக் கேட்கும்போது குற்றவாளியை விசாரிக்கும் தொனி கூடாது. “அங்க யாரோட பேசினா உனக்கு மனசு லேசாகுது? அவங்க என்ன சொல்வாங்க?” என்று கேளுங்கள், கேட்டபின் பதில் வரும்வரை வாயைத் திறக்காதீர்கள். பெரும்பாலும் முதல் நாள் மறுப்புதான் கிடைக்கும். கோபமும் கிடைக்கும். மறுத்தால் வாதாடாமல், நீங்கள் சொல்ல வந்ததைச் சொல்லிவிட்டீர்கள் என்பதை ஏற்று, இரண்டு மூன்று நாட்களில் மீண்டும் பேசப்போவதாகக் கூறி எழுந்துவிடுங்கள். பேச்சுக்குக் காத்திருக்கலாம், மருத்துவப் பரிசோதனைக்குக் காத்திருக்கக் கூடாது.

கைப்பேசியைப் பிடுங்கலாமா?

இந்தக் கேள்வியைத்தான் பெற்றோர் முதலில் கேட்கிறார்கள். திடீரென்று பிடுங்குவது பெரும்பாலும் எதிர்விளைவையே தருகிறது என்பது என் எண்ணம். நண்பரின் கருவியிலோ பழைய கருவியிலோ குழு திரும்பக் கிடைத்துவிடும். உங்களிடம் உண்மை சொல்லும் பழக்கம்தான் போய்விடும். நல்ல நண்பர்களும் அதே கருவிக்குள்தான் இருக்கிறார்கள் என்பதையும் எண்ணிப் பாருங்கள். பதின்வயதின் தொடக்கத்தில் இருக்கும் பிள்ளையிடம், மருத்துவர் சொல்லும் காலம்வரை சில செயலிகளை நிறுத்திவைக்கும் அதிகாரம் உங்களுக்கு உண்டு, அதைப் பயன்படுத்துங்கள். ஆனால் அது தண்டனை அல்ல, கால் முறிந்தவருக்கு ஓட்டம் விலக்கு போன்றது என்று காரணத்தையும் காலத்தையும் சொல்லிச் செய்யுங்கள். வயது வந்தவரிடம் இணக்கம் ஒன்றே வழி.

இணங்கியபின் அவருடன் உட்கார்ந்து, கருவி அவர் கையிலேயே இருக்க, ஒரு மணி நேரம் ஒதுக்கித் துப்புரவு செய்யுங்கள். பின்தொடரும் கணக்குகளை ஒவ்வொன்றாகத் திறந்து, இதைப் பார்த்தபின் உனக்கு எப்படி இருக்கிறது என்ற ஒரே கேள்வியால் அளந்து, தாழ்த்துபவற்றை நீக்கலாம் அல்லது முடக்கலாம். தேடல் வரலாற்றையும் பார்த்தவற்றின் வரலாற்றையும் அழியுங்கள். இனி வரும் அத்தகைய காணொளிகளில் ‘ஆர்வமில்லை’ என்பதை அழுத்தப் பழகட்டும். செயலி காட்டும் பதிவுகள் முழுவதிலும் இவையே ஊறிப்போயிருந்தால் கணக்கையே மூடிப் புதிதாகத் தொடங்குவது எளிது. பலர் மறந்துவிடுவது சேமித்த படங்கள்: செயலியை நீக்கிய பிறகும் கருவியின் படத்தொகுப்பில் நூற்றுக்கணக்கில் கிடக்கும் அவை, இரவில் தனியே திறக்கப்படும் ஒரு சிறு குழுவாகவே இயங்கும். கலோரி எண்ணும் செயலி, நடையெண்ணி, உண்ணாநேரம் கணக்கிடும் செயலி ஆகியவையும் போகட்டும். வீட்டிலுள்ள எடைக்கருவியையும் எடுத்து வைத்துவிடுங்கள். இரவில் கைப்பேசிகள் படுக்கையறைக்கு வெளியே இருக்கட்டும். அப்பா அம்மாவுடையதும் சேர்த்துத்தான்.

தீய பதிவைக் கண்டால் தளத்தில் புகார் அளித்துவிட்டு விலகிவிடுங்கள். அதன் கீழே போய் வாதாடுவது, ஆத்திரத்தில் அதைப் படம்பிடித்துப் பகிர்வது ஆகிய இரண்டும் அந்தப் பதிவை மேலும் பலரிடம் கொண்டுசேர்க்கும்.

குணமடைவோருக்கான பக்கங்கள் என்ற பெயரில் இருப்பவை அனைத்தும் அப்படிப்பட்டவை அல்ல. நோயின் உச்சத்தில் எடுத்த படத்தையும் இப்போதைய படத்தையும் அருகருகே வைத்துக் காட்டும் பக்கத்தில், நோயர் பார்ப்பது முதல் படத்தைத்தான். எண்களைத் தடைசெய்திருக்கிறார்களா, பயிற்சி பெற்ற நெறியாளர் இருக்கிறாரா, மருத்துவம் பெறுமாறு சொல்கிறார்களா, உறுப்பினர் அங்கே வருவதைக் குறைத்துக்கொண்டால் மகிழ்கிறார்களா என்று பாருங்கள். கடைசிக் கேள்விக்கான விடைதான் எனக்கு மிகுந்த நம்பிக்கை தருவது. உரையாடும் கணினிநிரல்களிடம் (சாட்பாட்) இந்நோய்க்கு ஆலோசனை கேட்பதிலும் எச்சரிக்கை தேவை. அமெரிக்காவில் உணவுக் கோளாறு உதவி அமைப்பொன்றே தன் தளத்தில் வைத்திருந்த நிரல், எடைகுறைப்பு ஆலோசனை வழங்கியதால் 2023-இல் நீக்கப்பட்டது.

மருத்துவரிடம் என்ன கேட்பது?

மனநல நோய்களுள் உயிரிழப்பு விகிதம் மிக உயர்ந்தவற்றுள் அனோரெக்சியாவும் ஒன்று. இதயமும் காரணமாகிறது, தற்கொலையும் காரணமாகிறது. ஆகவே முதல் சந்திப்பு உடலைப் பரிசோதிக்கும் மருத்துவருடன் இருக்க வேண்டும். படுத்த நிலையிலும் நின்ற நிலையிலும் நாடித்துடிப்பு, இரத்த அழுத்தம், இதய மின்வரைபடம், இரத்தத்தில் பொட்டாசியம், பாஸ்பேட், மக்னீசியம், சர்க்கரை ஆகியவற்றைப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். எடை பார்க்கும்போது எண் நோயரின் கண்ணில் படாதபடி அவரைத் திரும்பி நிற்கச் செய்யலாம். இணையக் குழு பற்றி மருத்துவரிடம் நீங்களே சொல்லுங்கள், ஏனெனில் பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை. சோதனை முடிவுகள் சரியாக இருப்பதனால் நோய் இல்லை என்று ஆகாது. உடல் நெடுங்காலம் ஈடுகொடுத்துவிட்டுத் திடீரென்று சரியும். எடை குறைவில்லையே என்று அனுப்பிவிட்டால் தயங்காமல் இன்னொரு மருத்துவரைப் பாருங்கள்.

மயக்கம், நெஞ்சுவலி, தாறுமாறான அல்லது மிகவும் மெதுவான இதயத்துடிப்பு, இரத்த வாந்தி, தசைத் தளர்ச்சி, குழப்பமான பேச்சு, நீரும் அருந்த மறுத்தல், வாழப் பிடிக்கவில்லை என்ற பேச்சு ஆகியவற்றுள் எது தோன்றினாலும் உடனே அவசர சிகிச்சைப் பிரிவுக்குச் செல்லுங்கள், மறுநாள்வரை தள்ளிப்போடாதீர்கள். சர்க்கரை நோய்க்கு இன்சுலின் போட்டுக்கொள்பவருக்கு உணவுக் கோளாறும் இருப்பதாகச் சந்தேகம் எழுந்தால் அதையும் இதே அவசரத்தோடு கருத வேண்டும். நெடுநாள் பட்டினி கிடந்தவருக்கு வீட்டிலேயே திடீரென்று நிறைய ஊட்டத் தொடங்குவதும் ஆபத்தானது. இரத்தத்தில் பாஸ்பேட் சட்டென்று வீழ்ந்து இதயம் பாதிக்கப்படலாம் என்பதால், தொடக்க நாட்களின் உணவு மருத்துவக் கண்காணிப்பில் கூட்டப்பட வேண்டும்.

சிகிச்சைகளில், பதின்வயதினரின் அனோரெக்சியாவுக்குக் குடும்பத்தை மையமாகக் கொண்ட சிகிச்சைக்கே வலுவான ஆய்வுச் சான்று இருக்கிறது. லண்டனின் மாட்ஸ்லி மருத்துவமனையில் 1980-களில் உருவான இம்முறையில், உணவு குறித்த முடிவுகளைச் சிறிது காலத்துக்குப் பெற்றோர் தம் கையில் எடுத்துக்கொண்டு, உடல் தேறத் தேற அவற்றைப் பிள்ளையிடமே படிப்படியாகத் திருப்பித் தருகிறார்கள். பெரியவர்களுக்கு, குறிப்பாகப் புலிமியாவுக்கும் மீதூண் கோளாற்றுக்கும், ஆக்ஸ்போர்டில் கிறிஸ்டோபர் ஃபேர்பர்ன் வளர்த்தெடுத்த, எண்ணங்களையும் பழக்கங்களையும் மாற்றப் பயிற்றும் அறிதிறன் நடத்தைச் சிகிச்சை பயன்படுகிறது. எடை மிகக் குறையாதவர்களுக்கு அது வழக்கமாக 20 வாரங்களில் 20 அமர்வுகளாக அமைகிறது. புலிமியாவுக்கு ஃப்ளூஆக்செடின் மருந்து உதவுகிறது. அனோரெக்சியாவைத் தீர்க்கும் மாத்திரை எதுவும் இதுவரை இல்லை.

மேசையில் நடந்துகொள்வது

மூன்று வேளை உணவும் இடைவேளைச் சிற்றுண்டியும் நேரம் தவறாமல் வர வேண்டும். பரிமாறுவது உங்கள் பொறுப்பு. எவ்வளவு என்று பேரம் பேசத் தொடங்கினால் நோய்தான் வெல்லும், ஏனெனில் பேரத்தில் அதற்குக் களைப்பே வராது. “இது உனக்கு எவ்வளவு கஷ்டம்னு தெரியும். நான் இங்கேயேதான் இருக்கேன். அடுத்த வாய் எடு” என்பதற்கு மேல் மேசையில் அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அதே மூன்று வாக்கியங்களைச் சலிக்காமல் சொல்லிக்கொண்டிருக்க வேண்டும், அவ்வளவுதான். தட்டு பறக்கலாம், நீங்கள் கேட்டறியாத சொற்கள் வரலாம். அச்சத்தின் குரல் அது என்று எண்ணிக்கொள்ளுங்கள். உண்டுமுடித்த அடுத்த ஒரு மணி நேரம்தான் அவருக்கு மிகக் கொடுமையானது; குழுவை மனம் தேடுவதும் அப்போதுதான். அந்த நேரத்தைச் சீட்டாட்டம், படம், பின்னல் வேலை என்று ஏதேனும் ஒன்றால் நிரப்பி உடன் இருங்கள். வீட்டில் பெரியவர்கள் தங்கள் எடை பற்றியும், உண்ட இனிப்புக்குப் பரிகாரம் தேடுவது பற்றியும் பேசுவதை நிறுத்திக்கொள்ள வேண்டும். சொல்வது எளிது, செய்வது கடினம். நம் பேச்சில் அது எவ்வளவு ஊறியிருக்கிறது என்பது நிறுத்தப் பார்க்கும்போதுதான் தெரியும்.

நீங்களே அந்தக் குழுவுக்குள் இருந்தால்

அங்கே உங்களுக்குக் கிடைத்த அன்பெல்லாம் பொய் என்று நான் சொல்லமாட்டேன். உங்களைப் போலவே நோயுற்றவர்கள் தங்களால் முடிந்ததைக் கொடுத்தார்கள். ஆனால் நீங்கள் நலமடையும் செய்தியை அங்கே சொன்னால் எத்தனை பேர் மகிழ்வார்கள் என்று ஒருமுறை எண்ணிப் பாருங்கள். உடனே வெளியேறும் துணிவு வராவிட்டால், அறிவிப்புகளை ஒரு வாரத்துக்கு முடக்கி, குழுவைத் திறக்கும் முன்பும் மூடிய பின்பும் மனம் எப்படியிருந்தது என்று ஒரு தாளில் குறித்துவாருங்கள். முடிவெடுத்த நாளில் பிரியாவிடைப் பதிவு போட வேண்டாம். அதற்கு வரும் பதில்களே உங்களைத் திரும்ப இழுத்துவிடும். நேரில் ஒருவரிடம், ஒரே ஒருவரிடம், சொல்லுங்கள். வாய் வராவிட்டால், ‘எனக்குச் சாப்பாட்டைப் பார்த்தால் பயமாக இருக்கிறது, அதை வளர்க்கும் ஒரு குழுவில் இருக்கிறேன், என்னை மருத்துவரிடம் அழைத்துப் போங்கள்’ என்று எழுதி நீட்டினாலும் போதும். இன்னும் போதிய அளவு நோயுறவில்லை, அதற்குள் உதவி கேட்பது தவறு என்ற எண்ணம் வரும்; அந்த எண்ணம் இந்நோயின் அறிகுறிகளுள் ஒன்று.

வெளியே வந்தபின்

குணமடைதல் மாதங்களில் நடப்பது, சிலருக்கு ஆண்டுகளில். தேர்வு, பிரிவு, இடமாற்றம் போன்ற காலங்களில் குழு மறுபடியும் அழைக்கும். திரும்பிப் பார்த்துவிட்டேன் என்று அவர் வந்து சொன்னால், சொன்னதற்கு நன்றி கூறிவிட்டு அடுத்த வேளை உணவைப் பரிமாறுங்கள். விசாரணை பிறகு வேண்டுமானால் பார்த்துக்கொள்ளலாம்.

அங்கே விட்டுவந்த தோழி ஒருத்தியைப் பற்றி அவர் என்றாவது ஒருநாள் கேட்பார். அவளுக்கு யாருமில்லை, நான் போனால் அவள் இறந்துவிடுவாள் என்று அஞ்சுவார். அந்த அச்சத்தைத் தள்ளிவிடாதீர்கள், அது காரணமற்றதும் அன்று. அவளுடைய உயிருக்கு ஆபத்து என்று தெரியும் பதிவு எதையேனும் கண்டிருந்தால், இருவரும் சேர்ந்து தளத்தின் அவசரப் புகார் வழியில் தெரிவியுங்கள்; அவள் இருக்கும் நாடு தெரிந்தால் அந்நாட்டின் உதவி எண்ணைத் தேடி, ‘நான் மருத்துவரிடம் போகத் தொடங்கியிருக்கிறேன், நீயும் இவர்களிடம் பேசு’ என்று ஒரே ஒரு செய்தியாக அவளுக்கு அனுப்ப உதவுங்கள். பதிலுக்காக அவர் இரவெல்லாம் விழித்திருக்க வேண்டியதில்லை. கைப்பேசியை நீங்கள் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பதில் வந்தால் காலையில் சொல்வதாக வாக்குக் கொடுங்கள், வந்தால் மறக்காமல் சொல்லுங்கள்.